நாட்டுக் கோடி ஒன்று

சித்தூரில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு கார் பட்டறைப் பக்கம் போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். பானெட்டைத் திறந்துகொண்டு ஒரு பழைய அம்பாசடர் நிற்கிறது. அதைச் சுற்றி அறுபதைத் தாண்டிய மூன்று பேர். ஒருவர் மெக்கானிக். வீட்டில் உருது பேசுகிறவர். ஊருக்கு அவர் 'பாய்'. இன்னொருவர் மளிகைக் கடைக்காரர், வீட்டில் தெலுங்கு. மூன்றாமவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வண்டி அவருடையது. கடைக்காரர் அவரை 'அய்யவாரு' என்று கூப்பிடுகிறார். ராயலசீமையில் வாத்தியாருக்கு அதுதான் பெயர். இந்த மூவரின் சொந்தப் பெயர் முக்கியமில்லை. இப்படிப்பட்ட மூவர் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

"பருப்பு மறுபடி ஏறிடுச்சு அய்யவாரு."

"அது ஏறாத வருஷம் எதுண்ணா? எடை குறையாம இருந்தாச் சரி."

"பாய், பாத்தீங்களா? வண்டி மாதிரியே அய்யவாரும் சீக்கிரம் சூடாயிடறாரு."

"வண்டிக்கு நான் தண்ணி ஊத்திட்டேன். சாருக்கு நீங்க ஒரு டீ சொல்லுங்க" என்கிறார் பாய், ரேடியேட்டர் மூடியைத் திருகியபடி.

மளிகை விலை, பழைய கார், கோழிக் குழம்பு. பல வருடங்களாக இந்த மூவர் பேசுவது இந்த மூன்றைப் பற்றித்தான். அரசியல் வரும், போகும். சினிமா வரும், போகும். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த மூன்றுக்கே வந்து சேரும். வெளியூர்க்காரர் கேட்டால் வெட்டிப் பேச்சு என்று தோன்றும். சித்தூரின் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்டால் அப்படித் தோன்றாது.

அந்தச் சரித்திரத்தில் ஏப்ரல் மாதத்துக்குத் தனி இடம் உண்டு. வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளையும் பழைய ஜமீன் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது 1911 ஏப்ரல் 1-ல். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யும் அவரது தமிழரசுக் கழகமும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். திருப்பதியும் தமிழகத்துக்கே என்பது அவர்களின் கோரிக்கை. மத்தியஸ்தம் செய்ய பட்டாஸ்கர் வந்தார். கடைசியில் 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு வட்டாரம் அப்படிப் போனதுதான். 2022 ஏப்ரல் 4-ல் ஆந்திர அரசு மாவட்டங்களை மாற்றி அமைத்தபோது திருப்பதி தனி மாவட்டமானது. நூறு வருடங்களுக்கு மேலாக ஒரே மாவட்டமாக இருந்த சித்தூரும் திருப்பதியும் பிரிந்தன. நடுவில் சுமார் 70 கிலோமீட்டர் சாலை; அது அப்படியே இருக்கிறது.

கோடுகள் போட்டவர்கள் படித்தவர்கள். மக்கள் தொகைக் கணக்கையும் தாய்மொழிக் கணக்கையும் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் பார்த்துத்தான் போட்டார்கள். ஆனால் எந்தக் கணக்கிலும் வராத ஒன்று உண்டு. ஒரு தெருவில் இருக்கும் மூன்று மொழிக்காரர்கள் தினமும் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது. கோடு போட்ட பிறகும் இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் உருதும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன என்றால், அதற்கு ஒப்பந்தங்களைவிட இந்தப் பேச்சுதான் காரணம்.

முதலில் மளிகை. அய்யவாரு மாதா மாதம் ஒரு சீட்டு எழுதுவார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த நீளமான காகிதம். துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, தனியா, மிளகு, கசகசா, கேழ்வரகு, புளி என்று தமிழில் எழுதியிருக்கும். கடைக்காரர் அதைத் தமிழிலேயே படித்து, உள்ளே இருக்கும் பையனுக்குத் தெலுங்கில் சொல்வார். கந்திபப்பு, மினப்பப்பு, பெசரபப்பு, தனியாலு, மிரியாலு, கசகசாலு, ராகுலு, சிந்தபண்டு. பாதிச் சொற்கள் தூரத்து உறவு, பாதிச் சொற்கள் பங்காளிகள், ஒன்றிரண்டு அடையாளமே தெரியாதவை. ஒரு பக்கம் மட்டும் படித்தாலே இரண்டு மொழிகளும் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்று புரிந்துவிடும்.

இதை அறிஞர்கள் கண்டுபிடித்துச் சொல்ல ரொம்ப நாளாயிற்று. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தங்களுக்குள் ஒரு குடும்பம் என்று எழுதியது 1816-ல். கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரையாக வந்த கட்டுரை அது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் வந்தது. தமிழ் 'ழ'கரம் தெலுங்கில் பல இடங்களில் 'ட'கரமாக நிற்கும். ஏழு என்பது அங்கே ஏடு. கோழி என்பது அங்கே கோடி. அய்யவாரு இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கடைக்காரர் வகுப்புக்குப் போகாமலே தெரிந்துகொண்டார். தினமும் சீட்டு படித்தால் போதும்.

மளிகைச் சீட்டு என்றால் லேசாக நினைக்க வேண்டாம். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. சாது சுப்ரமண்ய சாஸ்திரி என்ற அறிஞரின் உழைப்பு அதில் பெரிது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். விஜயநகரக் காலத்தவை ஏராளம். என்ன எழுதியிருக்கிறது? தானம் கொடுத்தவர் பெயர், நிலம், பணம். அதற்குக் கீழே, சுவாமிக்குத் தினமும் படைக்க வேண்டிய அமுதுக்கு எத்தனை மரக்கால் அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு பயறு, எவ்வளவு மிளகு, எவ்வளவு தயிர், எவ்வளவு சர்க்கரை. கல்லில் வெட்டிய மளிகைச் சீட்டு! அரசர்கள் பெயர் மாறியது, ஆட்சி மொழி மாறியது. அளவு மாறக் கூடாது என்பதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள். திருப்பதியில் தமிழ் எவ்வளவு காலம் புழங்கியது என்பதற்கு அரிசிக் கணக்கும் நெய்க் கணக்கும் சாட்சி.

கல்லுக்கு இருக்கும் ஆயுள் காகிதத்துக்கு இல்லை. அதைவிட, சீட்டு எழுத வேண்டிய தேவையே குறைந்துகொண்டு வருகிறது. மூட்டையிலிருந்து அளந்து பொட்டலம் கட்டிய காலத்தில், போன மாதப் பருப்பு வேகவில்லை என்று குறை சொல்ல வேண்டும். இந்த மாதம் எந்த ஊர்ப் பருப்பு என்று கேட்க வேண்டும். பேசாமல் வாங்க முடியாது. இப்போது எல்லாம் பாக்கெட். 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலை 18-ல் உத்தரவு வந்தபோது, மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்றால் வரி இல்லை என்பதால் கடைக்காரருக்கு ஒரு நப்பாசை வந்தது. பழையபடி தராசுக்கு முன்னால் கூட்டம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. ஜனங்கள் வரி கொடுக்கத் தயார், நிற்கத் தயாரில்லை.

அடுத்தது கார். அம்பாசடர் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. அதை வைத்திருப்பவன் தனி ஆளாக இருக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தள்ள நாலு பேர் வேண்டும். சாலையில் நின்றுவிட்டால் நிறுத்தி விசாரிக்க ஒருவன் வேண்டும். முன் சீட்டு நீளமான பெஞ்சு, கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே. டிரைவரோடு முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பேசலாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைப் பார்த்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி, 2014 மே மாதம் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கு எத்தனையோ வருடம் முன்பே காணாமல் போய்விட்டது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளுக்கு 2023 அக்டோபரோடு கெடு முடிந்தது.

பாயின் பட்டறையில் இதெல்லாம் துக்கச் செய்தியாக வருவதில்லை. உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியாகத்தான் வரும். "கார்புரேட்டர் கிட் வேலூர்ல ஒருத்தர்கிட்ட இருக்கு சார். அவரும் கடையை மூடறாராம். ரெண்டா வாங்கி வெச்சுடலாம்." பழைய வண்டியைப் பாதுகாப்பது என்றால் இதுதான். அடுத்த கடை மூடுவதற்குள் போய்ச் சேர்வது.

சட்டமும் விடவில்லை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. எந்தத் தேதியிலிருந்து? 2022 ஏப்ரல் 1. சித்தூர்க்காரர்களுக்கு ஏப்ரல் ராசி அப்படி. 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அடுத்த அறிவிப்பு வந்தது. புகை, விபத்து என்று அரசாங்கம் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய வண்டி விடும் புகையை அய்யவாருவின் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கார் பழசானாலும் அதன் பாட்டரி இந்த மண்ணிலேயே பிறந்தது. 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் தொழிற்சாலை திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் இருக்கிறது. அமரான் பாட்டரி அங்கிருந்துதான் வருகிறது. 1990களில் வந்த அம்பாசடர்களில் சிலவற்றுக்கு ஜப்பானின் இசுசு இன்ஜின். அதே இசுசு கம்பெனி 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் கார் தொழிற்சாலை திறந்தது. ஸ்ரீசிட்டி இருப்பது சத்தியவேடு பக்கம். 1960-ல் திருத்தணிக்கு மாற்றாகத் தமிழகம் விட்டுக்கொடுத்த வட்டாரம். "பாருங்க அய்யவாரு, நீங்க முருகனை வாங்கினீங்க, நாங்க கார் கம்பெனியை வாங்கினோம்" என்பார் கடைக்காரர். "அப்ப யாருக்குண்ணா தெரியும்? முருகனுக்குக் கூடத் தெரிஞ்சிருக்காது" என்பார் அய்யவாரு. அறுபது வருடத்துக்கு முன்னால் இதே விஷயத்துக்கு ஊர்வலமும் மறியலும் நடந்தன. இப்போது பட்டறை வாசலில் ஒரு சிரிப்போடு முடிகிறது.

அம்பாசடருக்கு உண்மையான பரீட்சை திருமலையில்தான். அலிபிரியிலிருந்து மேலே போகும் முதல் மலைப்பாதை 1944-ல் திறந்தது. அதற்கு முன் நடை அல்லது டோலி. இரண்டாவது பாதை 1974-ல். இப்போது புதிய பாதையில் ஏறி, பழைய பாதையில் இறங்க வேண்டும். ஏறும்போது பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். ஓரமாக நிறுத்தி, ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, கோவிந்தா சொல்லிக் கிளம்ப வேண்டும். புதிய கார்கள் ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் போய்விடுகின்றன. மலையைப் பார்க்க நேரம் கிடைப்பது கொதிக்கும் வண்டிக்காரர்களுக்குத்தான்.

அலிபிரியில் சோதனை உண்டு. மது, மாமிசம், சிகரெட் எதுவும் மேலே போகக் கூடாது. ஆகவே மலையைப் பற்றிய பேச்சு வந்தால், அடுத்தது கோழியைப் பற்றிய பேச்சு வந்தே தீரும். மலைக்கு முன்னாலா, பின்னாலா?

மூவரும் சேர்ந்து கோழி சாப்பிட ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. புரட்டாசி முழுவதும் அய்யவாரு வீட்டில் சைவம். சித்தூர்த் தெலுங்கர்களுக்கும் புரட்டாசி உண்டு, திருமலைச் சனிக்கிழமை என்று விரதம் இருப்பார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கடைக்காரர் வீட்டில் கார்த்தீக மாசம் வந்துவிடும். பாய்க்கு ரம்ஜான் மாதம் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி குறிக்க வேண்டும். எல்லைக் கமிஷனுக்குக் கூட இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

தேதி கிடைத்தால் வேலை பங்கு பிரியும். கோழியைப் பாய் அறுக்க வேண்டும். அப்போதுதான் அவர் சாப்பிட முடியும், மற்ற இருவருக்கும் ஆட்சேபணை இல்லை. மசாலா கடைக்காரர் பொறுப்பு. அடுப்பு அய்யவாரு வீட்டுக் கொல்லையில். நாட்டுக் கோழியை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவித் தோலோடு வெட்ட வேண்டும். தனியா, காய்ந்த மிளகாய், மிளகு, பட்டை, கிராம்பு, கசகசா எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்து, கொப்பரைத் தேங்காயோடு அரைக்க வேண்டும். கடலை எண்ணெயில் வெங்காயம் சிவக்க வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது, பிறகு தக்காளி. கறியைப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து, அதன் நீரிலேயே கொஞ்ச நேரம் வேக விட வேண்டும். பிறகுதான் வெந்நீர். வெட்டிய உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கறி விறைத்துக்கொள்ளும் என்பது மூவரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விதி. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மசாலா கடைசியில்.

தொட்டுக்கொள்ள என்பது தவறு, இது தோய்த்துச் சாப்பிடுவது. ராகி சங்கட்டி இல்லாமல் இந்தக் குழம்புக்கு அர்த்தம் இல்லை. அரிசியைக் குழைய வேக வைத்து, அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, மூடி வைத்து ஆவியில் வேக விட்டு, பிறகு துடுப்பால் கட்டி இல்லாமல் கிளற வேண்டும். கையில் நெய் தொட்டு உருண்டை பிடிக்க வேண்டும். தமிழில் இது களி. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பது இரண்டு மொழிக்கும் பொதுவான சட்டம்.

சண்டை வருவது புளியில்.

"கோடி புலுசுன்னு பேரு வெச்சுட்டுப் புளி போடாம இருந்தா எப்படிண்ணா? புலுசுங்கற சொல்லே புளிப்புலதான் பொறந்தது."

"பேரு அகராதியில இருக்கு அய்யவாரு. ருசி எங்கம்மா கையில இருந்துச்சு. தக்காளிப் புளிப்பே போதும்னு அவங்க புளி போட மாட்டாங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம் தயிர் ஊத்துங்க, சண்டை தீர்ந்துடும்" என்பார் பாய்.

எத்தனை வருடம் நடந்தாலும் இந்த வழக்கில் தீர்ப்பு வராது. வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச ஒன்றும் இருக்காது.

கோழி விஷயத்தில் சித்தூர் வெறும் சாப்பாட்டு ஊர் அல்ல. கால்நடை மருத்துவரான சுந்தர நாயுடு தொடங்கிய பாலாஜி ஹேட்சரீஸ் இந்த ஊர் நிறுவனம். அவர் 2022-ல் காலமானார். பி.வி. ராவ் முன்னின்று 1982-ல் உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் வெளியிடும் விலைப் பட்டியலில் நாமக்கல் போலச் சித்தூருக்கும் தனி வரி உண்டு. பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆகிறது. தெருவில் மேயும் நாட்டுக் கோழி ஒன்றரைக் கிலோ ஆக ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்ளும். ஏழைக்கும் கோழிக்கறி கிடைத்தது பிராய்லரால்தான். அதைப் பழிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்ற கலர் கோழிகள் கொல்லைப்புறத்தில் வளர்க்கத் தோதானவை. சில கடைகளில் அவையே நாட்டுக் கோழி என்ற பெயரில் தராசில் ஏறுகின்றன. பாய் காலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த வித்தையும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சாதக பாதகம் எப்படியோ, ஒரு வித்தியாசம் நிச்சயம். அரைக் கிலோ பிராய்லரை ஒருவன் தனியாக வாங்கி, தனியாகச் சமைத்து, அரை மணியில் தனியாகச் சாப்பிட்டு முடிக்கலாம். நாட்டுக் கோழி அப்படி அல்ல. அறுக்க ஒருவர், அரைக்க ஒருவர், அது வேகும் வரை பேசிக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். அம்பாசடரைத் தள்ள ஆள் வேண்டும். மளிகைச் சீட்டைப் படிக்க ஆள் வேண்டும். சித்தூரில் மூன்று மொழிக்காரர்களைச் சேர்த்து வைத்தது இந்த 'வேண்டும்'தான். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள். ஆகவே ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். பாக்கெட் பருப்பும் சர்வீஸ் சென்டர் காரும் பிராய்லரும் வசதியானவை. அவற்றுக்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

பேச்சு போனால் என்ன போகும் என்று கேட்கலாம். எல்லை மாவட்டங்களில் முதலில் போவது சிறுபான்மையின் எழுத்து. சித்தூர், குப்பம், நகரி, சத்தியவேடு பக்கங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் இருந்தும், பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலமும் தெலுங்கும் போதும் என்று பெற்றோர்கள் முடிவு செய்தால் யார் குறை சொல்ல முடியும்? எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே கதைதான். 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் தாய்மொழியில் தேர்வு எழுத விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். நான்கு மொழிகளும் ஒரே இடத்தில் என்பது நல்ல எண்ணம். ஆனால் வீட்டில் பேசுகிற மொழியைப் பட்டம் வாங்கும் வயதில் எழுதக் கற்பது தாமதம்.

இந்த மாற்றம் பட்டறை வாசலுக்கும் வந்துவிட்டது. கடைக்காரருக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது கல்லாவில் உட்காருவது அவருடைய பேரன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். அய்யவாருவோடு தமிழில் நன்றாகவே பேசுகிறான். ஆனால் சீட்டை நீட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தாத்தா, இது படிக்கத் தெரியல. வாட்ஸ்அப்ல குரல்ல அனுப்பிடுங்க."

பையன் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அய்யவாரு அன்றைக்குப் பட்டறையில் அதிகம் பேசவில்லை. இத்தனை வருடம் எழுதிய சீட்டை ஒரே வீட்டில் தாத்தா படித்தார், பேரனால் முடியவில்லை. கல்வெட்டுப் படிக்க ஆள் தேடுவது போல, மளிகைச் சீட்டுக்கும் தேட வேண்டிய நாள் வந்துவிட்டது. பாய் தான் ஒரு யோசனை சொன்னார்: "சார், பையன் தெலுங்குல எழுதட்டும், நீங்க பக்கத்துல தமிழ்ல எழுதுங்க. எங்க பட்டறைல ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட்டு எப்பவும் ரெண்டு மூணு பாஷைலதான் இருக்கும்."

மறு மாதத்திலிருந்து சீட்டு இரண்டு பத்தியாக வந்தது. அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ். பையனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தனியா, தனியாலு. மிளகு, மிரியாலு. நாலைந்து மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். இதனால் சித்தூரில் தமிழ் பிழைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கடையில், ஒரு சீட்டு, ஒரு பையன். அவ்வளவுதான். கோடு போட்டவர்கள் செய்யத் தவறியதையும் அரசாங்கங்கள் செய்ய வேண்டியதையும் மூன்று கிழவர்கள் பட்டறை வாசலில் செய்து முடிக்க முடியாது.

தை பிறந்தது. மூன்று பஞ்சாங்கத்திலும் தடையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதற்கு முந்தின வாரமே மலைக்குப் போய்வந்தாயிற்று. வண்டி இரண்டு முறைதான் கொதித்தது. சனிக்கிழமை மாலை சாமான்கள் வந்தன. கூடவே பையன் தானே தமிழில் எழுதிய சீட்டு. கொப்பரை, கசகசா, கடலை எண்ணெய், ராகி மாவு. கடைசி வரியில், கொஞ்சம் கோணலான எழுத்தில்: 'நாட்டுக் கோடி – 1'.

"ஒரு கோடியா! அய்யவாரு, எனக்கு எவ்வளவு பங்கு?" என்றார் பாய்.

அய்யவாரு முப்பது வருடம் சிவப்பு மையால் 'ழ' திருத்தியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். திருத்தவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணா, நாளைக்குப் புளி போடறோமா, இல்லையா?"